புள்ளி வைத்த பம்புகள்

அந்தப் பட்டறையில் அவளைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நம்பரக்கா என்றால்தான் தெரியும். முதலாளிக்குக் கூடப்பிறந்த அக்கா. அதனால் வேலை செய்கிற எல்லோருக்கும் அக்கா. தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்கிற பட்டறை அது. இரும்பை உருக்கி வார்த்து, கடைந்து, துளை போட்டு, பூட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்து, கடைசியில் அவள் மேஜைக்கு வரும். பம்பின் கழுத்தில் அவள் நம்பர் குத்தினால்தான் வெளியே போகும். தலை போகிற அவசரமானாலும் சரி, அவள் சுத்தியலை எடுக்காமல் ஒரு பம்ப் வாசலைத் தாண்டியதில்லை.

நம்பர் குத்துகிற உருக்கு அச்சுகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மொத்தம் ஒன்பது. பத்து இல்லை, ஆறைத் தலைகீழாகப் பிடித்தால் ஒன்பதாகிவிடும், அதற்கெதற்குத் தனியாக ஒன்று? பத்தொன்பது வயதில், வேலைக்கு உட்கார்ந்த முதல் நாள், அவள் ஓர் ஆறை ஒன்பதாகக் குத்திவிட்டாள். பட்டறை அப்போது அப்பாவுடையது. அவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அதற்கப்புறம் முப்பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு எண் தப்பியதாக எவனாவது சொன்னால் அவன் புளுகுகிறான்.

அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. நாட்டில் எந்தப் பொருளை யார், எத்தனை செய்ய வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். இரண்டு வருஷம் செருப்புத் தேய நடந்து அப்பா வாங்கிய லைசென்ஸில் வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு பம்ப் என்று போட்டிருந்தது. ஆயிரத்து இருநூற்று ஒன்றாவதைச் செய்தால் குற்றம். சிரிக்காதீர்கள், நிஜமாகவே குற்றம். பட்டறைக்குச் சீல் வைப்பார்கள், அப்பாவைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். வெளியிலோ மழை பொய்த்து, கிணற்றில் தண்ணீர் இறங்கி, பம்ப் வேண்டும் பம்ப் வேண்டும் என்று விவசாயிகள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். செய்ய ஆள் இருந்தது, உலை இருந்தது, வாங்க ஜனம் இருந்தது. செய்யக்கூடாது என்று ஒரு காகிதம் மட்டும் குறுக்கே இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழில் துறையிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். மீசை சரியாக முளைக்காத வயசு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு பம்பின் கழுத்திலும் விரல் வைத்து, நம்பரை வாய்விட்டுப் படித்து எழுதிக்கொள்வார். அவருக்குக் கணக்கென்பது அந்த நம்பர்தான். வருஷம் வார்ப்பிலேயே இருக்கும், நம்பர் வருஷா வருஷம் ஒன்றிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை. அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கு யோசனை பிறந்தது. நம்பரைத்தானே எண்ணுகிறார், பம்பையா எண்ணுகிறார்? ஒரு நம்பரை மூன்று பம்புக்குக் குத்திவிட்டால் போயிற்று.

அப்படித்தான் செய்தார்கள், பதினோரு வருஷம். முதல் 417 பகிரங்கமாக வண்டியேறும். இரண்டாவதும் மூன்றாவதும் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் போகும், ஏனென்றால் அந்த ஒரு மணி நேரம் தொழில் துறை முழுவதும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு மூவாயிரத்து ஐநூறு பம்ப் செய்து, ஆயிரத்து இருநூறு என்று எழுதிக் கொடுத்து, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் வருஷத்திலேயே இதில் ஒரு சிக்கல் வந்தது. தண்ணீர் ஒழுகுகிறது என்று ஒரு விவசாயி 417ஐத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபிட்டர் நோட்டைப் பார்த்து 417க்கான உள்சக்கரத்தை எடுத்து மாட்டினால் ஏறவே மாட்டேன் என்கிறது. அது வேறு 417. அன்றிலிருந்து நம்பரக்கா தானாகவே ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டாள். முதல் பம்புக்கு வெறும் எண். இரண்டாவதற்குக் கடைசி எண்ணுக்குக் கீழே, அதற்கென்று செய்துகொண்ட அச்சால் ஒரு புள்ளி. மூன்றாவதற்கு இரண்டு புள்ளி. ஊசி முனையளவு, தெரிந்தவர் கண்ணுக்குத்தான் தெரியும். ஒரு நீள நோட்டும் போட்டாள். எந்த நம்பர், எத்தனை புள்ளி, எந்தச் சக்கரம், எந்தத் தேதி, எந்த ஊருக்குப் போனது என்று எல்லாம் அதில் அவள் கையெழுத்தில் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான், ஆனால் எழுத்து முத்துக் கோத்து வைத்த மாதிரி இருக்கும்.

பட்டறையில் அது ஒரு பாஷையாகவே ஆகிவிட்டது. கணக்கில் வராத எதற்கும் புள்ளி என்று பேர். மேஸ்திரிக்குத் தெரியாமல் குடிப்பது புள்ளி டீ. சொல்லாமல் எடுப்பது புள்ளி லீவு. ஃபிட்டருக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்தபோது, இது எத்தனை புள்ளி என்று கேட்டு அவரை அழவிட்டார்கள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். தம்பி பட்டப்படிப்பை முடித்து வந்து முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் படிப்பு அவள் சுத்தியலிலிருந்து வந்தது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைப் பேசிக்கொண்டதில்லை.

பிறகு ஒரு நாள் பேப்பரில் வந்தது, லைசென்ஸ் ரத்து. யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். பட்டறையில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்கள். தம்பி ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, இனிமேல் ஐயாயிரம் என்றான். அவளும் கை தட்டினாள், பாவம். செய்பவனுக்குத் திறந்த கதவு, கொண்டு வருபவனுக்கும் திறந்துதான் இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் கப்பல் கப்பலாக வெளிநாட்டுப் பம்ப் இறங்கியது. பாதி கனம், பாதி விலை, பளபளவென்று நீலப் பெயிண்ட். இவர்கள் பம்ப் ஐயாயிரம் ஆகவில்லை. ஆயிரமானது, அறுநூறானது, கடைசியில் நானூறில் வந்து முனகிக்கொண்டு நின்றது. செய்யாதே என்று சொன்ன காலத்தில் மூவாயிரத்து ஐநூறு. செய்துகொள் என்று சொன்ன காலத்தில் நானூறு. ஒரு நம்பருக்கு ஒரு பம்ப், சுத்தமான கணக்கு. புள்ளி அச்சைத் தொட்டே வருஷக்கணக்காகிவிட்டது.

அப்புறம் மூன்றாவது கொள்கை வந்தது. இனி எல்லாம் உள்நாட்டிலேயே செய்ய வேண்டுமாம். அதற்காக ஒரு பெரிய கம்பெனியை அழைத்து வந்து, இவர்கள் இருந்த தொழிற்பேட்டையைக் கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். பழைய பட்டறைகள் ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஆனால் திறமை உள்ளவர்களுக்குப் புதுப் பேட்டையில் ஷெட் உண்டு, பெரிய கம்பெனியின் ஆர்டரும் உண்டு. திறமைக்கு என்ன அளவுகோல்? ஏதாவது ஐந்து வருஷம் தொடர்ந்து, வருஷத்துக்கு மூவாயிரம் பம்புக்குக் குறையாமல் செய்ததற்கு அரசாங்கப் பதிவு காட்ட வேண்டும்.

தம்பி அந்த நோட்டீஸைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். செய்திருக்கிறார்கள். ஐந்தல்ல, பதினோரு வருஷம். ஆனால் பதிவில் இருப்பது ஆயிரத்து இருநூறு. அதுவும் அப்பா கையெழுத்துப் போட்டு, சத்தியம் செய்து கொடுத்த ஆயிரத்து இருநூறு. இதைத் தாண்டாவிட்டால் அவளையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. பம்பெல்லாம் எங்கே போய்விட்டது? வார்ப்பிரும்பு நூறு வருஷம் கிடக்கும். ஒரே நம்பரில் மூன்று பம்பைக் காட்டினால், செய்தது ஆயிரத்து இருநூறு போல் மூன்று மடங்கென்று தெரிந்துவிடுமே. நீள நோட்டைப் பிரித்து ஊர் ஊராகக் குறித்துக் கொடுத்தாள். தம்பியும் ஃபிட்டரும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, கிணற்றடி, தோட்டம், பழைய இரும்புக்கடை என்று இரண்டு மாதம் நாயாய் அலைந்தார்கள். பதினான்கு நம்பர்கள், ஒவ்வொன்றிலும் ஒரே வருஷத்து மூன்று, ஆக நாற்பத்திரண்டு பம்ப். முற்றத்தில் சாக்கு விரித்து வரிசையாக வைத்தார்கள். துருவைத் தேய்த்து நம்பரை வெளியே கொண்டுவந்தது அவள்தான்.

பார்வையிட வந்தவர் யார் தெரியுமா? அதே இன்ஸ்பெக்டர். இப்போது பெரிய ஆபீசர், ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி, குனிந்தால் முழங்கால் சத்தம் போடுகிறது. பழைய பழக்கம் விடவில்லை, கழுத்தில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். நானூற்றுப் பதினேழு. நானூற்றுப் பதினேழு. நானூற்றுப் பதினேழு.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "ஒரு மணிக்கு ஏன் உங்க வண்டி மட்டும் ஓடுதுன்னு தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்ல. விவசாயிக்குத்தானே போகுதுன்னு விட்டேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடி நீள நோட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். யார் எழுதியது என்று கேட்டதற்கு, நான்தான் சார் என்றாள். ரொம்ப அழகான எழுத்து என்றார். சொல்லிவிட்டு நோட்டை மூடி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, இதை நான் பாக்கல. நீங்களும் காட்டல."

அவளுக்குப் புரியவில்லை. அவர் தம்பியின் அறையில் உட்கார்ந்து, நிதானமாக விளக்கினார். திட்டத்தில் பன்னிரண்டாவது நிபந்தனை ஒன்று இருக்கிறது. தெரிந்தே அரசுக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தவர்களுக்கு ஷெட் கிடையாது. தெரியாமல் நடந்த தவறென்றால் மன்னிக்கலாம். அந்த நோட்டு உற்பத்தியையும் நிரூபிக்கிறது, பொய்யையும் சேர்த்து நிரூபிக்கிறது. நம்பர் குத்துகிற ஆள் அறியாமையால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் குத்திவிட்டார், அதை நம்பி முதலாளி கணக்கனுப்பிவிட்டார் என்றால், பம்பும் உண்மை, முதலாளியும் நிரபராதி.

"ஆயிரத்து இருநூத்துக்கு மேல ஒண்ணு செஞ்சாலும் சீல் வைப்பேன்னு சொன்னது நீங்கதானே சார்?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான்."

"மூவாயிரம் ஏன் செய்யலைன்னு இப்ப கேக்கறதும் நீங்கதான்."

"அதுவும் நான்தாம்மா. ரெண்டுக்கும் ஒரே சம்பளம்தான்."

அந்த மனுஷன் மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. தேநீரைக் குடித்து முடித்து, அப்படி நம்பர் குத்தியவரே சத்தியம் செய்து தரும் பத்திரத்தை ஒரு வாரத்துக்குள் கொடுக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி இரண்டு நாள் அவள் மேஜைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் தட்டச்சடித்த காகிதத்தோடு வந்தான். அவள் வாங்கிப் படித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவளாகிய நான், ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் அறியாத நிலையில், என்று ஆரம்பித்தது. முதல் நாள் குத்திய அந்த ஒரே ஒரு ஒன்பதை, முப்பத்தொன்பது வருஷம் கழித்து, கூடப்பிறந்தவனே தோண்டி எடுத்துக் கொண்டுவந்திருந்தான். புள்ளிகளுக்கும் ஒரு வரி இருந்தது. சுத்தியல் வழுக்கியதால் ஏற்பட்டவை.

"சுத்தியல் வழுக்கிச்சா?" என்றாள். "பதினோரு வருஷமா, ஒரே எடத்துலயா?"

"ஏதாவது எழுதணுமேக்கா."

"உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எழுதேன்."

"நான் டிகிரி வாங்கினவன்க்கா. அது ஃபைல்லயே இருக்கு."

அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவன் இன்னும் அங்கேயே நின்றான், தரையைப் பார்த்துக்கொண்டு, முப்பத்தெட்டுக் குடும்பம் அக்கா என்று முணுமுணுத்தான். அது பொய்யில்லை. உலையடியில் வேலை செய்கிறவர்கள் இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எவனாவது ஒருத்தன், வேண்டாம் அக்கா என்று வாயைத் திறப்பான் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒருத்தனும் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அன்றைக்கு உலை எரிந்துகொண்டிருந்தது. நீள நோட்டை அவள்தான் கொண்டுபோய்ப் போட்டாள். வேறு யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை. பதினோரு வருஷ எழுத்து, ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அப்பா செத்தபோது வேலை கிடந்தது என்று அழாமல் இருந்தவள், அன்று உலைக்கு முன்னால் நின்று சத்தமாக அழுதாள்.

நோட்டரியின் அறை ஒரு மாடிப்படியின் கீழே இருந்தது. பத்திரத்தை நீட்டியதும் பழக்க தோஷத்தில் அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டாள். தம்பி அதை மெதுவாக அவள் விரல்களிலிருந்து வாங்கி, மை அட்டையை அவள் பக்கம் தள்ளினான். அவள் கட்டைவிரலைப் பதித்தாள். பதிவாகவில்லை. முப்பத்தொன்பது வருஷம் அச்சைப் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. நோட்டரி அலுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தரம் வைக்கச் சொன்னார். மூன்றாவது தரம் ஏதோ ஒரு கறை விழுந்தது, அது போதும் என்று முத்திரை குத்தினார்.

ஷெட் கிடைத்தது. மூன்றே மாதத்தில் உத்தரவு வந்தது. ஃபிட்டர் குழந்தை மாதிரி குதித்தார். எல்லோரும் அவளிடம் வந்து, எங்களைக் காப்பாற்றினீர்கள் அக்கா என்றார்கள். அவளும் சிரித்தாள். போனது ஒரு பேர்தானே, எத்தனை பேருக்கு அடுப்பெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி நாள் அதை நம்பவும் செய்தாள்.

புது ஷெட் வெள்ளை வெளேரென்று இருந்தது. தரையில் மஞ்சள் கோடு, சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகை. நம்பர் குத்த ஒரு இயந்திரம். ஒளியாலேயே எழுதுகிறதாம், எண்களைத் தட்டிவிட்டால் போதும். அவளுக்கு அதன் மேல் ஆசையாகத்தான் இருந்தது. மரப்பெட்டியைத் துடைத்துத் தன் பங்குக்கு எடுத்துவைத்திருந்தாள். அப்போதுதான் பெரிய கம்பெனியின் விதி வந்தது. இயந்திரத்தின் அருகில் நிற்கிற ஒவ்வொருவரும் எச்சரிக்கைப் பலகையைப் படித்துக் காட்ட வேண்டும். தேர்வு வைத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஃபிட்டர்கூட வியர்த்து வழிந்து தேறிவிட்டார். முப்பத்தேழு பேரும் தேறினார்கள். அவளை யாரும் கூப்பிடவே இல்லை.

தம்பியைத் தேடிப் போய்க் கேட்டாள். அவன் கண்ணாடி அறையில் இருந்தான்.

"அதே ஃபைல்க்கா," என்றான். "பத்திரம் அதுலதான் இருக்கு. அதைப் பாத்துத்தான் லிஸ்ட் எடுத்தாங்க."

"எனக்குப் படிக்கத் தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பத்திரம் பொய்யாயிடும். ஷெட் போயிடும்."

அவன் மடமடவென்று பேசினான். வீட்டிலேயே இருக்கலாம், சாப்பாட்டுக்கு என்ன குறை, இந்த வயசில் எதற்கு இந்த இரும்பு என்றெல்லாம் சொன்னான். அவள் நடுவில் குறுக்கிட்டு, பெரிய கம்பெனி எத்தனை பம்ப் ஆர்டர் கொடுத்திருக்கிறது என்று மட்டும் கேட்டாள். மாதம் நூறு என்றான். அதற்கு மேல் ஒன்றுகூட வாங்க மாட்டார்களாம், வெளியில் விற்கவும் கூடாதாம். மாதம் நூறென்றால் வருஷத்துக்கு எத்தனை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவனுக்கு ஏனென்று புரிந்ததா என்று தெரியவில்லை.

விலகுகிறவர்கள் ஒரு படிவத்தில் ஒப்பமிட வேண்டும். ஆபீசில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள், நல்ல மாதிரிப் பெண்தான். அம்மா உட்காருங்கள் என்று நாற்காலி போட்டாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி, அதனால் காகிதத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். நம்பரக்கா அந்தக் காகிதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகவே படித்து முடித்திருந்தாள். தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாகப் போட்டிருந்தது. அந்தப் பெண் அந்த வரிக்கு வந்து சேரும் வரை இவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

பிறகு மை அட்டை வந்தது. கட்டைவிரலை அழுத்தி வைத்தாள், இந்தத் தடவை ஒரே தரத்தில் விழுந்தது. தம்பி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவள் விரலைத் துடைத்துக்கொண்டு, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, அந்தக் கறைக்குச் சரியாகக் கீழே ஒரு புள்ளி வைத்தாள்.

"இது என்னம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கை வழுக்கிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. மரப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.